எனக்குத் துணி பிடிக்கும்

எனக்குத் துணி பிடிக்கும். இதை இப்படி நேராகச் சொல்ல முப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

சம்பளம் வந்த பிறகு வரும் முதல் சனிக்கிழமை மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்துவிடுவேன். அங்கிருந்து பாண்டி பஜார். கையில் காசு குறைவென்றால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. எதுவும் வாங்காத நாளிலும் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். புதுப்படம் பார்த்துவிட்டு வந்தால் கதையைவிடக் கதாநாயகி கட்டியிருந்த புடவையைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். பேரணிக்குப் போவதென்றால்கூட எந்த நீலம் என்று முந்தின இரவே எடுத்து வைத்துவிடுவேன்.

எங்கள் வேலையில் இது கொஞ்சம் கூச்சமான சமாச்சாரம். சமூகப் பணியாளர் என்றால் கசங்கிய குர்த்தா, தோளில் ஜோல்னாப் பை, எண்ணெய் வைக்காத தலை என்று ஒரு படம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. ஒரு பயிற்சி முகாமில் ஒருவர், "உங்களப் பாத்தா ஃபீல்டுக்குப் போறவங்க மாதிரியே தெரியலையே" என்றார். மதியச் சாப்பாட்டின்போது என் ஊர், தெரு எல்லாம் விசாரித்து முடித்த அதே மனிதர், "சொன்னாத்தான் தெரியுது, நல்லா நீட்டா இருக்கீங்க" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். சோறு இறங்கவில்லை.

ஆனால் இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது அல்ல. நான் செய்த ஒரு தவறைப் பற்றியது.

வாரம் ஒருமுறை நான் போகும் மாணவியர் விடுதி ஒன்று உண்டு. பெரும்பாலும் நம் பிள்ளைகள். போன வருடம் அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண்ணுக்கு, நிலுவையில் கிடந்த உதவித்தொகை ஒருவழியாக வங்கியில் ஏறியது. அந்த வாரமே அவள் தி.நகர் போய் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஒரு உடுப்பு வாங்கி வந்துவிட்டாள். பாசிப் பச்சை நிறத்தில் நீளமான கவுன். அறையில் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே போனதும் அவள் எழுந்து தோளில் வைத்துக் காட்டினாள். "எப்டிக்கா இருக்கு?"

நான் சொன்னது இது: "ஸ்காலர்ஷிப் காசுல டிரஸ்ஸா? படிக்க வந்தியா, சிங்காரிக்க வந்தியா?"

அறை அமைதியாகிவிட்டது. அவள் கவுனை மடித்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்: "நீங்க கட்டியிருக்கிற புடவை எவ்ளோக்கா?"

இரண்டாயிரத்து நானூறு. நான் பதில் சொல்லவில்லை.

பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. அந்த வாக்கியம் என்னுடையது அல்ல. பதினெட்டு வயதில் நான் தங்கிப் படித்த விடுதியின் வார்டன், நான் உதட்டுச்சாயம் பூசியிருந்த ஒரு நாள், பத்துப் பேர் முன்னால் என்னிடம் சொன்னது. அன்று நான் குளியலறைக்குப் போய் அழுது, தேய்த்துத் தேய்த்து உதட்டைக் கழுவினேன். அதே வாக்கியத்தை ஓர் எழுத்துகூட மாற்றாமல் பத்திரமாக வைத்திருந்து இன்னொரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன்.

வார்டனுக்கும் அது எங்கிருந்தோதான் வந்திருக்கும். எங்கள் ஊர் மதுராந்தகம் பக்கம். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். பொங்கலுக்கு ஆண்டை வீட்டு அம்மா கொடுக்கும் பழைய புடவைதான் வருடத் துணி. ஒரு வருடம் நெல் வேலை நன்றாக இருந்ததால் அப்பா கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புதுப் புடவை எடுத்து வந்தார். அம்மா அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். வரப்பில் நின்ற ஆண்டை வீட்டு அம்மா, "என்னடி, களையெடுக்க வந்தியா, கல்யாணத்துக்கு வந்தியா?" என்றாராம். அத்தனை பேரும் சிரித்தார்களாம். அந்தப் புடவை அதற்குப் பிறகு காலனியைத் தாண்டவில்லை. ட்ரங்குப் பெட்டியில் அந்துருண்டை வாசனையோடு கிடந்து, கடைசியில் என் தம்பிக்குத் தூளியாயிற்று.

வரப்பில் அந்த அம்மா, விடுதியில் வார்டன், பிறகு நான். வாக்கியம் கொஞ்சமும் தேயாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

இது சும்மா கேலி என்று நினைக்கிற தோழர்களுக்காக ஒரு பழைய பட்டியல். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆங்கிலேய அதிகாரி ஜே.எச். ஹட்டன் சாதி பற்றி எழுதிய நூலில் அவை பதிவாகியிருக்கின்றன. தங்கமும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆண்களின் உடை முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே போகக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. முடியைக் கிராப் வெட்டக் கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாடுகளை ஓட்டிப் போனார்கள். அடுத்த ஆண்டே எட்டுத் தடைகள் பதினொன்றாயின.

எட்டில் பெரும்பாலானவை உடம்பின் மேல் எதைப் போடலாம் என்பதைப் பற்றியவை. நாம் எதை உடுத்துகிறோம் என்பதில் அவர்களுக்கு இருந்த அக்கறை நமக்கே இருந்ததில்லை.

அண்ணல் அம்பேத்கருக்கு இது தெரிந்திருந்தது. 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டுக்கு வந்திருந்த பெண்களிடம் அவர் புடவை கட்டுவதைப் பற்றிப் பேசினார். தீண்டப்படாதவர் என்று அடையாளம் காட்டும் கட்டையும், கனத்த மலிவு நகைகளையும் விட்டுவிடச் சொன்னார். மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட அதே மாநாடு. எரித்ததை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். புடவையைப் பற்றிப் பேசியதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

1930 பழைய கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2012இல் தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்ற பேச்சு தமிழ்நாட்டு அரசியல் மேடைகளில் வெளிப்படையாகவே ஒலித்தது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி தருமபுரியில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துச் சேர்த்த பீரோ, டி.வி., பைக், துணிமணி எல்லாம் சாம்பல். 1930இல் குடிசை, 2012இல் காங்கிரீட் வீடு. எரித்த காரணம் அதிகம் மாறவில்லை.

எம்.ஏ. சமூகவியல் வகுப்பில் எங்களுக்கு வெப்லன் பாடம் இருந்தது. பணக்காரர்கள் தங்கள் அந்தஸ்தைக் காட்டவே ஆடம்பரமாகச் செலவழிக்கிறார்கள் என்று 1899இலேயே எழுதியவர். அடுத்து எம்.என். சீனிவாசின் சமஸ்கிருதமயமாக்கல்: கீழே இருக்கும் சாதி, மேலே இருப்பவர்களின் பழக்கங்களைப் பின்பற்றி மேலே போகப் பார்க்கிறது. இரண்டையும் நன்றாகப் படித்துத் தேர்வும் எழுதினேன். ஆனால் அம்மாவின் கத்தரிப்பூப் புடவையை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அது ஆடம்பரமா? வருடத்துக்கு ஒரு புடவை. போலச் செய்தலா? சட்டையும் செருப்பும் யாருடைய சொத்து, நாம் அவர்களைப் பார்த்துக் காப்பியடித்தோம் என்று சொல்ல? அடித்துப் பிடுங்கி வைத்திருந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் காப்பி அல்ல.

இதைப் புத்தகத்தைவிடச் சென்னைதான் எனக்கு நன்றாகப் புரியவைத்தது. 2016இல் 'கபாலி' பார்த்தபோது, ரஜினி கோட்டு சூட்டோடு நடந்து வந்ததும், அந்த உடையின் அரசியலை அவர் வாயாலேயே பேசியதும் திரையரங்கில் வேறு ஒரு விசிலாகக் கேட்டது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் நிகழ்ச்சி. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவைப் பாடும் பிள்ளைகள் கோட்டு சூட்டில் மேடையேறி நின்றார்கள். கூட்டத்தில் நான் ஆடினேன். யார் வீட்டுத் திருவிழாவிலும் ஓரமாக நிற்காமல், நடுவில் நின்று ஆடியது அதுதான் முதல் தடவை. இப்போது ஏப்ரல் வந்தால் வானம் கலைத் திருவிழா, டிசம்பர் வந்தால் மார்கழியில் மக்களிசை. இங்கெல்லாம் வரும் நம் பிள்ளைகளின் உடையைப் பாருங்கள். பெரிய ஜிமிக்கி, நீலப் பொட்டு, கறுப்புக் கண்ணாடி, தலையில் பூ. அந்த எட்டுத் தடைகளில் பாதிக்கு மேல் ஒரே மாலையில் மீறப்படுகின்றன. மீறுகிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல் மீறுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

நான் போக வேண்டிய இடமும் அதுதான் என்று நினைக்கிறேன். நான் உடுத்துவதற்கு அண்ணலின் கோட்டை ஒவ்வொரு முறையும் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. ஆதிக்கச் சாதிப் பெண் பச்சைக் கவுன் வாங்கினால் அது ஷாப்பிங். நம் பெண் வாங்கினால் ஒன்று ஊதாரித்தனம், இல்லையென்றால் புரட்சி. இரண்டும் சுமைதான். பிடித்திருந்தது, வாங்கினாள் என்ற சாதாரணக் காரணம் அவளுக்கு மட்டும் ஏன் போதாது?

அதே நேரத்தில் சந்தோஷத்தோடு நிறுத்திக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. அந்தக் கவுனை எடுத்துக் கொடுத்தவர் யார், தைத்தவர் யார்? 2010இல் வந்த 'அங்காடித் தெரு' படத்தில் ரங்கநாதன் தெருக் கடைப் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பார்த்தோம். நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021இல்தான். இப்போது கடைக்குள் போனால் ஸ்டூல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சில இடங்களில் ஸ்டூல் இருக்கும், அதன் மேல் துணிக்கட்டு இருக்கும்.

நூற்பாலைகளிலும் ஆயத்த ஆடை ஆலைகளிலும் வேலை செய்யும் பெண்களில் ஏராளமானோர் நம் தெருக்களிலிருந்து போனவர்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஆடை ஆலைத் தொழிலாளியான 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அவர் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போகும் உடைகளைத் தைத்தவர். தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியதில் 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலைக்குள் பாலியல் துன்புறுத்தலையும் சாதிப் பாகுபாட்டையும் கண்காணிக்கத் தொழிலாளர்களிலிருந்தே ஆட்களை நியமிக்க அது வழிசெய்தது. துணி வாங்குபவர்களின் பரிதாபத்தால் அது வரவில்லை. சங்கத்தால் வந்தது.

துணியை வெறுத்தால் இந்தப் பெண்களுக்கு நியாயம் கிடைத்துவிடாது. கசங்கிய குர்த்தாவையும் யாரோ ஒரு பெண்தான் தைத்திருக்கிறாள். நான் செய்யக்கூடியது குறைவு, ஆனால் ஒன்றுமில்லை என்றில்லை. தைப்பவர்களின் சங்கத்துக்கு என் சம்பளத்தில் ஒரு பங்கு. கடையில் மடித்த துணியைக் கலைத்துப் போட்டுவிட்டு வராமல் இருப்பது. தலைவிரித்தாடும் தள்ளுபடி நாட்களில் இரவு பத்து மணிக்குக் கடைக்குப் போகாமல் இருப்பது. மாணவத் தோழர்களே, உங்கள் வகுப்பில் ஃபேஷன் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால், ஆலையிலிருந்து ஆரம்பித்துப் பேசுங்கள். அது பொழுதுபோக்கு விஷயமில்லை என்று அவர்களுக்கே புரியும்.

அடுத்த வாரம் விடுதிக்குப் போனேன். "அன்னிக்கு நான் பேசினது தப்புமா. அது எனக்கு வேற ஒருத்தங்க சொன்னது, உங்கிட்ட சொல்லிட்டேன்" என்றேன். அவள் உடனே எதுவும் சொல்லவில்லை. நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, அதுல பாக்கெட் இருக்குக்கா. ரெண்டு பக்கமும்" என்றாள். "அதுக்குத்தான் வாங்கினேன். போனும் பஸ் பாஸும் வெக்கலாம்."

கல்லூரி ஆண்டு விழாவுக்கு அவள் அதைப் போட்டுக்கொண்டு போனாள். படம் அனுப்பியிருந்தாள். இரண்டு கையும் பாக்கெட்டில்.

போன மாதம் அம்மாவுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புடவை எடுத்தேன். "இத மெட்ராஸ் வந்தா கட்டிக்கிறேன் பாப்பா" என்றார். "இல்லம்மா, ஊர்லயே கட்டு" என்றேன். இன்னும் கட்டவில்லை. ட்ரங்குப் பெட்டியில் வைக்காமல் கொடியில் போட்டிருப்பதாகத் தம்பி சொன்னான்.

ஜெய்பீம்.