முசுறு கட்டிய வீடு

முசுறு எறும்பின் கடி வாங்காமல் எங்கள் வீட்டு மாமரத்தில் ஏறியவர் கிடையாது. பத்து வயதில் காய்க்கு ஆசைப்பட்டு ஏறி, சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டே இறங்கினேன். அம்மாச்சி கடிவாயில் சுண்ணாம்பைத் தடவி, “அது வீட்டுக்குள்ள கைய விட்டா சும்மா இருக்குமாய்யா?” என்றார். கூடு என்று சொல்லவில்லை. வீடு என்றுதான் சொன்னார்.

அந்த வீடு கட்டப்படுவதைப் பொறுமையாகப் பார்த்தது போன சித்திரையில்தான். தாழ்ந்த கிளை. இரண்டு இலைகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி. ஓர் எறும்புக்கு எட்டாத தூரம். ஒன்று இலை விளிம்பைக் கவ்விக்கொண்டது. அதன் இடுப்பை இன்னொன்று கவ்வியது, அதன் இடுப்பை மற்றொன்று. இப்படி நாலைந்து சங்கிலிகள். எல்லாம் சேர்ந்து இழுக்க, மயிரிழை மயிரிழையாக இலை வளைந்து வந்தது. நான் காபி குடித்துவிட்டு வந்தபோதும் பிடி தளரவில்லை.

பிறகு சில எறும்புகள் குருணை போல வெள்ளையாக எதையோ வாயில் ஏந்தி வந்தன. புழுக்கள். புழுவின் வாயை இந்த இலையில் ஒரு தொடல், அந்த இலையில் ஒரு தொடல். தறியில் நாடா போய்வருவதுபோலத்தான். தொட்ட இடமெல்லாம் பட்டு நூல். வேறு பல எறும்பினங்களில் புழு அந்த நூலால் தன்னைச் சுற்றிக் கூடு நூற்றுக்கொள்ளும். முசுறுப் புழுவோ நூலையெல்லாம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, போர்வை இல்லாமலே கூட்டுப்புழுவாகிறது. இதைப் படித்த அன்று வெகுநேரம் வேறெதிலும் மனம் செல்லவில்லை.

எல்லையோரக் கூடுகளில் காவலிருப்பவை பெரும்பாலும் வயதான வேலைக்கார எறும்புகள் என்று எறும்பு ஆய்வாளர்கள் ஹோல்டாப்ளரும் வில்சனும் கண்டு எழுதியிருக்கிறார்கள். எதிரி வந்தால் முதலில் பாய்வதும் அவைதான். அன்று என் முதுகில் பாய்ந்தவையும் அந்த மரத்து அம்மாச்சிகளாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த வருடம் காய் பறிக்க வந்தவர் கூடுகளைக் கொளுத்திவிடலாமா என்று கேட்டார். கி.பி. 304இல் எழுதியதாகச் சொல்லப்படும் சீன நூல் ஒன்றில், பூச்சி அண்டாமலிருக்க ஆரஞ்சு மரங்களுக்கு இந்த எறும்புகளைக் கூட்டோடு சந்தையில் வாங்கியதாக இருக்கிறது, அதைச் சொன்னேன். நம்பினாரோ என்னவோ, அலக்கை மறுபக்கக் கிளைக்குத் திருப்பிக்கொண்டார்.