'தெரியாது' என்னும் விடை

செவிலியரின் நோய்த்தணிப்புப் பராமரிப்புத் திறனை மதிப்பிடுவதே என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்கு நான் கைக்கொண்ட கருவிகளுள் ஒன்று, 1996இல் கனடிய ஆய்வாளர்கள் வெளியிட்ட 20 கூற்றுகள் கொண்ட வினாநிரல். ஒவ்வொரு கூற்றுக்கும் 'சரி', 'தவறு', 'தெரியாது' என்ற மூன்றனுள் ஒன்றைக் குறிக்க வேண்டும். பொருத்தமான விடைக்கு ஒரு மதிப்பெண். பிழையான விடைக்கும் 'தெரியாது' என்பதற்கும் சுழியம்.

புற்றுநோய்ப் பிரிவு ஒன்றில் இரு செவிலியர் 11 மதிப்பெண் பெற்றனர். எஞ்சிய ஒன்பதிலும் ஒருவர் 'தெரியாது' எனக் குறித்திருந்தார். மற்றவர் ஒன்பதுக்கும் பிழையான விடையளித்திருந்தார். என் அட்டவணையில் இருவருக்கும் வேறுபாடு இல்லை.

பின்னர், ஒப்புதல் பெற்று இருவருடைய இரவுப் பணியையும் உடனிருந்து கண்டேன். அடுத்த வேளை மருந்துக்கு முன்பே நோயாளி ஒருவருக்கு வலி மிகுந்தபோது, முதலாமவர் உடனே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, "என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, டாக்டர்" என்றார். கூடுதல் அளவு மார்ஃபின் சற்று நேரத்தில் நோயாளிக்குக் கிடைத்தது. இரண்டாமவரோ, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என எழுதப்பட்டிருந்த மார்ஃபினைத் தள்ளிப்போட்டார். "மருந்துக்கு அடிமையாகிவிடக் கூடாது, பாருங்கள்" என்று கனிவோடு என்னிடம் சொன்னார். கட்டிலில் இருந்தவர் முனகிக்கொண்டிருந்தார். நான் குறிப்பேட்டை மூடிவிட்டுப் பணி மருத்துவரை அழைத்தேன். நோக்குநர் தலையிட்டதால் அந்த இரவின் பதிவு என் தரவில் சேராது. அதில் எனக்கு வருத்தமில்லை. அழைப்பதற்கு முன் 20 நிமிடம் தயங்கியதில்தான் வருத்தம்.

மருத்துவத் தேவைக்கு மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கும் பொருட்டுப் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டது. அன்றிரவு மருந்து வார்டிலேயே இருந்தது. அதைத் தடுத்தது சட்டமன்று. ஐயத்துக்கு இடமளிக்காத ஒரு தவறான நம்பிக்கை.

மதிப்பெண் முறையை மாற்றினால் பிற ஆய்வுகளோடு ஒப்பிட இயலாது என்கிறார் என் நெறியாளர். அவர் சொல்வது சரியே. ஆகவே மொத்த மதிப்பெண்ணை அப்படியே தருகிறேன். அதனருகே பிழை எத்தனை, 'தெரியாது' எத்தனை என இரு பத்திகளைச் சேர்க்கிறேன். பயிற்சியும் இருவருக்கும் ஒன்றாக இருக்க இயலாது. ஒருவருக்குக் கற்பித்தால் போதும். மற்றவரிடம் முதலில் அந்த அச்சத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இதே கருவியைப் பயன்படுத்தும் நண்பர்கள், தங்கள் தரவையும் இவ்வாறு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டுகிறேன்.