அடிபட்டவனும் ஆட்ட விதியும்

கூடைப்பந்து ஆட்டத்தில் ஒருவன் அடிபட்டு விழுந்தவுடன் நடுவர் விசில் ஊதவேண்டும் என்றே பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். ஊதாவிட்டால், "கண் தெரியவில்லையா?" என்று கூச்சல் எழுகிறது. 1932-இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட ஃபிபாவின் விதி வேறு சொல்கிறது. பந்தை வைத்திருக்கும் அணி கூடைக்கு எறியும்வரை, அல்லது பந்தை இழக்கும்வரை, அல்லது ஆடாமல் நிறுத்தும்வரை நடுவர் பொறுக்கவேண்டும். விழுந்தவனைக் காக்கும் அவசியம் இருந்தால் மட்டும் உடனே நிறுத்தலாம். இல்லையேல், எதிரணி கூடையை நெருங்கும் சமயம் பார்த்து, "ஐயோ" என்று படுத்துவிட மாட்டோமா நாம்?

சுமார் 15 வினாடிக்குள் எழுந்து ஆட முடியாவிட்டாலோ, சிகிச்சை பெற்றாலோ, மாற்று ஆட்டக்காரர் வந்தே தீரவேண்டும். பயிற்சியாளர் ஓடிவந்து கைகொடுத்துத் தூக்கினாலும் அதே கதிதான். பாசம் மிகுந்த பயிற்சியாளர்கள் கவனிக்க! இரத்தம் கசிந்தாலோ 15 வினாடிக் கணக்கும் கிடையாது. வெளியேறி, இரத்தம் நின்று, காயம் முழுவதும் மூடப்பட்ட பிறகே திரும்பலாம். இடையில் ஏதேனும் ஓர் அணி டைம் அவுட் எடுத்து, அதற்குள் சரியாகிவிட்டால் தப்பிக்கலாம்.

இதைப் படித்தபோது என் தாயாரை நினைத்துக்கொண்டேன். அறுப்பில் அரிவாள் விரலைக் கிழித்தால், துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் கதிரைப் பிடிப்பார். வரப்பில் உட்கார்ந்தால் கூலி போய்விடும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். முழங்கையில் வழியும் இரத்தத்தைப் பனியனில் துடைத்து மறைக்கும் நண்பர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஒரு விளையாட்டுச் சான்றிதழ் வேலைக்கு உதவும் என்று நம்பி ஆடுகிறவர்கள் அவர்கள்.

ஆனால் வெளியே வந்தவன் விலக்கப்பட்டவன் அல்லன். கடிகாரம் ஓடி, அடுத்தமுறை ஆட்டம் நின்றதும், தேறியிருந்தால் திரும்ப இறங்கலாம். விடுமுறையில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "உட்கார்ந்திருக்கிறவனுக்கும் பங்கு உண்டாடா?" என்று கேட்டார். ஜெயித்தால் பெஞ்சில் இருப்பவனுக்கும் சான்றிதழ் உண்டு என்றேன். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

மாற்று ஆளே இல்லாமல், களத்தில் ஐவருக்குக் குறையும் நிலை வந்தால் மட்டும், சிகிச்சை பெற்றவனையும் விதி ஆடவிடுகிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியவில்லை. ஃபவுலால் காயமுற்றவன் வெளியேறினால், அவனுக்குரிய ஃப்ரீ த்ரோக்களை அவனுக்குப் பதிலாக வருபவனே எறியவேண்டும். அணியில் குறி தவறாதவனைத் தேடிப்பிடித்து அனுப்ப முடியாது. அதுவரை பெஞ்சில் இருந்தவன், உடல் சூடேறாத நிலையில், நேரே அந்தக் கோட்டில் போய் நிற்கவேண்டும். ஆகவே மாலைப் பயிற்சியில் முதல் ஐவர் மட்டுமே ஃப்ரீ த்ரோ எறிந்து பழகுவதை நம் அணித்தலைவர் மாற்றுவாராக.