மூலையில் நிற்கும் முகம்

இருட்டறையில் போட்டோவைப் பெரிதாக்குவோர் வெறுங் கண்ணை நம்பலாகாது. மங்கிய ஒளியில் எல்லாம் தெளிவுபோலவே தோன்றும். காகிதத்தில் ஏறிய பிறகுதான் குட்டு வெளிப்படும். இதற்கென்றே ஒரு சிறு கருவி உண்டு. அதன் அடியிலுள்ள கண்ணாடி, பிம்பத்தின் ஒரு துளியை மேலே திருப்பி அனுப்பும். பூதக்கண்ணாடி வழியே நோக்கினால், பிலிமின் வெள்ளி மணிகள் ஆற்று மணல்போல் தெரியும். மணல் துலங்கினால் முகமும் துலங்கும்.

பத்து மடங்கா, இருபத்தைந்து மடங்கா என்பதே பலர் கேட்கும் கேள்வி. நான் கேட்டது வேறு. கண்ணாடியிலிருந்து காகிதத்துக்குள்ள தூரமும், உள்ளே இருக்கும் மயிரிழைக் கோட்டுக்குள்ள தூரமும் சமமா? இல்லையேல் கருவியே பொய் சொல்லும். இரண்டாவது, மூலைகளில் சாய்ந்து வரும் ஒளியையும் அது காட்டுமா?

காரணம் இருந்தது. திருக்காட்டுப்பள்ளியில், குடமுருட்டிக் கரையில் எடுத்த ஒரே நெகடிவ்தான் எங்களிடம் உள்ள என் தந்தையாரின் உருவம். நடுவிலே ஆறு, ஓரத்திலே அவர். உதகமண்டலத்தில் 1967 முதல் உற்பத்தியான ‘இந்து’ பிலிம் அது. அந்த ஆலையும் மூடிவிட்டது, அவரும் இல்லை.

ஆகவே, பெருக்கம் குறைவானாலும் நீண்ட கண்ணாடியும் சாயும் குழலும் உள்ள கருவியையே தேர்ந்தெடுத்தேன். முதலில் என் கண்ணுக்கேற்ப மயிரிழைக் கோட்டைத் தெளிவாக்கிக்கொண்டேன். லென்ஸை முழுதும் திறந்து ஓரத்தை நோக்கிச் சரிசெய்தேன். பிறகு இரண்டு படி மூடி அச்சிட்டேன்.

படத்தைக் கண்ட அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “கடுக்கன்கூடத் தெரிகிறதே!” என்றாள்.