கயிறு பிடிக்கிறவர்

மூட்டு வலி இப்போது தேவலை. விசாரித்த எல்லாருக்கும் நன்றி. இன்றைய பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு பழைய மாணவன் போன் செய்தான். துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை பார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். அவனுக்குக் கீழே பதினோரு பேர்.

"சார், ஒருத்தர் மட்டும் சொன்னா கேக்கவே மாட்டேங்காரு. என்னைவிட வயசுல மூத்தவரு வேற. அதனால யாரு எத்தனை பெட்டி முடிச்சாங்கன்னு தினமும் பேர் போட்டு வாட்ஸ்அப் குரூப்ல போடலாம்னு இருக்கேன். ரோஷம் வந்து ஓடுவாங்கல்லா?"

"ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா தம்பி, அதுவரைக்கும் எதையும் போடாதே" என்று மட்டும் சொன்னேன். ஏனென்றால் அவன் செய்ய நினைத்ததை நான் ஏற்கெனவே செய்திருக்கிறேன். இதுவரை யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை.

கடற்கரை ஓரத்துப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற புதிது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி மோசம். என் அறைச் சுவரில் ஒரு பெரிய சார்ட் ஒட்டினேன். ஆசிரியர் பெயர், பாடம், தேர்ச்சி விழுக்காடு. நன்றாக இருந்தால் பச்சை மை, குறைந்தால் சிவப்பு மை. பெரிய நிர்வாகி என்று எனக்கு நினைப்பு!

அடுத்த வருடமே விழுக்காடு ஏறியது. மேலதிகாரிகள் பாராட்டினார்கள். ஆனால் சிவப்பில் முதல் பெயராக இருந்த கணக்கு டீச்சர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் எடுத்தது கடைசிப் பிரிவு. அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டு, மீன் வாடையோடு பத்து மணிக்கு மேல் வந்து உட்காரும் பையன்கள் இருக்கும் வகுப்பு. பள்ளி விட்டபிறகும் அவர்களை உட்கார வைத்து ஆறு மணிவரை சொல்லிக்கொடுத்தவர் அவர். அதற்குச் சார்ட்டில் கட்டம் இல்லை.

விழுக்காடு ஏன் ஏறியது என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஒரு மதியம், சங்கு குளிக்கப் போகும் ஒருவர் மகனுக்கு டி.சி. வாங்க வந்தார். ஏன் என்று கேட்டேன். "பாஸாக மாட்டான், வேற இடம் பாருங்கன்னு சொன்னாங்க சார்" என்றார். எங்கள் ஆசிரியர்கள்தான் சொல்லியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சிவப்பு மைக்குப் பயந்து சொன்னார்கள்.

அவரை உட்காரச் சொன்னேன். மனசு சரியில்லாததால் தொழிலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய அப்பா 1961இல் நடந்த சலாபத்துக்குப் போனவராம். தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு அது. கல்லைக் கட்டிய கயிற்றில் காலை வைத்துக்கொண்டு ஐந்து முதல் பத்து பாகம் ஆழத்துக்கு இறங்குவார்கள். மூச்சு ஒரு நிமிஷம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அதற்குள் சிப்பியை அள்ளிப் பையில் போட்டுக் கயிற்றைச் சுண்ட வேண்டும். தோணியில் நிற்பவர் அந்த நொடியே இழுக்க வேண்டும்.

"கீழ போறவனைத்தான் ஊரு பேசும் சார். மேல நிக்கிறவன் வேற எங்கயும் பார்க்கக் கூடாது. ஒவ்வொருத்தன் மூச்சும் ஒவ்வொரு மாதிரி. எப்ப சுண்டுவான்னு அவன் கைக்குத் தெரியணும். அதனாலதான் மச்சானைக் கயிறு பிடிக்க வைக்கிறது."

மச்சான் கதை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அக்கா தங்கச்சி தாலி சம்பந்தப்பட்டது, கயிற்றை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க மாட்டான் என்பார்கள். சின்ன வயதில் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. என் கையில் எத்தனை கயிறு இருந்தது, நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

டி.சி.யைக் கொடுக்கவில்லை. பையன் எங்களிடமே படித்துக் கணக்கில் 38 வாங்கினான். இந்தப் பதிவை அவனும் படிப்பான். மன்னித்துக்கொள் தம்பி.

அன்று சாயங்காலமே சார்ட்டைக் கிழித்தேன். அடுத்த வருடம் பழைய சலாபக் கணக்கிலிருந்து ஒரு வழியை எடுத்துக்கொண்டேன். மன்னார் வளைகுடாவில் அந்தக் காலத்தில் கரைக்கு வந்த சிப்பியைக் குளிகாரர்களே குவியல் குவியலாகப் பிரித்து வைப்பார்கள். எந்தக் குவியல் சர்க்காருக்கு என்று அதிகாரி காட்டுவார், மீதி அவர்களுக்கு. பிரிக்கிறவருக்கு எடுக்கிற உரிமை இல்லை என்பதால் குவியல்கள் சமமாக இருந்தே தீரும். அதேபோல மாணவர்களை மூன்று பிரிவாகப் பிரிக்கும் வேலையை ஆசிரியர்களிடமே விட்டேன். யாருக்கு எந்தப் பிரிவு என்பது சீட்டுக் குலுக்கி. கடைசிப் பிரிவு என்ற ஒன்றே இல்லாமல் போனது. பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினேன். ஒருவருக்கு நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், ஒருவருக்கு ஆய்வகச் சாவி வேண்டும், ஒருவருக்கு யாராவது ஒருமுறை நன்றாகப் பாடம் எடுக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். முதல் வருடம் விழுக்காடு கொஞ்சம் இறங்கவே செய்தது. மேலிடத்தில் திட்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சூப்பர்வைசர் வந்தான். இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ஒரு நல்ல மோட்டிவேஷன் ஸ்பீச் கொடுத்தா போதுமா சார்?" என்றான். இந்த ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா! 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய பேச்சு பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பேச்சு மட்டும் இருந்திருந்தால் நாலாம் நாளே பசி ஜெயித்திருக்கும். பணம் திரட்டி, தொழிலாளர் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டார்கள். கேட்டதும் கூலி உயர்வு, ஞாயிறு விடுமுறை என்று அவரவர் உடம்புக்கும் வயிற்றுக்கும் தெரிந்த விஷயங்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12இல் வ.உ.சி. கைதானபோது அதே தொழிலாளர்கள் அவருக்காக மறுபடியும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அவர் அந்த மில்லில் முதலாளியும் இல்லை, தொழிலாளியும் இல்லை. வக்கீல்.

"அப்ப கணக்கே வேண்டாமா சார்?"

கணக்கு வேண்டும். தோணியிலும் சிப்பியை எண்ணத்தான் செய்வார்கள். ஆனால் ஒருவருடைய குறையை அவரிடம் தனியாகச் சொல். பதினோரு பேர் சேர்ந்து எத்தனை பெட்டி முடித்தார்கள் என்பதை வேண்டுமானால் குரூப்பில் போடு என்றேன். அவன் முழுசாக ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. மேலிருந்து அவனுக்கும் நெருக்கடி இருக்கிறதே.

அந்தக் கணக்கு டீச்சரை இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்தேன். பக்கத்து இலை. "அந்தச் சார்ட் இன்னும் இருக்கா சார்?" என்று கேட்டார். "கிழிச்சுட்டேன் டீச்சர்." "எப்ப?" "நீங்க போன அடுத்த வருஷம்." அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் இலையில் பாயசம் வரவில்லை என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க வாய் வந்தது, ஆனால் கேட்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் இன்று எழுதுகிறேன்.

மாணவன் கிளம்பும்போது வாசலில் வைத்து ஒன்று கேட்டேன்.

"அந்தப் பெரியவருக்கு எந்த ஊருடா?"

"தெரியல சார்."

"எத்தனை வருஷமா உன்கூட வேலை பார்க்கார்?"

"மூணு வருஷம்."

செருப்பை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திங்கட்கிழமை ராத்திரி அவனிடமிருந்து ஒரு மெசேஜ்:

"திரேஸ்புரம் சார்."