காற்கூறும் கணினிப் பாடமும்

நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார் கல்விக்கு ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு செவ்வையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்குச் சேர்வது காற்கூறுதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு காற்கூறு கிட்டும். எஞ்சிய அரைக்கூறு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும்.

இக்கணக்கு ஒரு பாடத்தின் அமைப்பாகவே ஆகியிருப்பதை நாங்கள் கண்டது தமிழ் வகுப்பில் அன்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துத் தொடக்கநிலைக் கணினிப் பாடத்தில். அங்கே பேராசிரியர் பெரிய அரங்கில் நூற்றுக்கணக்கானோர்க்குப் பாடம் நடத்துவார். பிறகு மாணவர் சிறு சிறு பிரிவுகளாக வாரம் ஒருமுறை தத்தம் பிரிவு ஆசிரியரைச் சந்திப்பர். அந்தப் பிரிவு ஆசிரியரும் பெரும்பாலும் ஓர் இளநிலை மாணவரே. கற்பிப்பதற்கென்று அவருக்குத் தனிப் பயிற்சி உண்டு. 1980களில் தொடங்கிய ஏற்பாடு இது. இரவு நேரங்களில் உதவிக் கூடமும் நடக்கும். ஐயமுடையோர் வரிசையில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கலாம். பயிற்சியைத் திருத்துவதும் மதிப்பெண்ணோடு முடிந்துவிடாது. பிரிவு ஆசிரியர் மாணவரை அருகில் இருத்திக்கொண்டு, அவர் எழுதிய நிரலைப் பற்றிப் பேசுவார்.

2020இல், பெருந்தொற்றுக் காலத்தில், கிறிஸ் பீச், மெஹ்ரான் சஹாமி என்னும் பேராசிரியர் இருவர் அப்பாடத்தின் முற்பகுதியைக் ‘கோட் இன் பிளேஸ்’ என்ற பெயரில் உலகோர்க்குக் கட்டணமின்றித் திறந்தனர். மாணவர் பத்தாயிரத்துக்கு மேல். காணொளிகளை ஏற்றிவைத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. தன்னார்வலர் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் திரட்டி, ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் என்று அமர்த்தினர்.

சங்கப் பாடல்களுக்கு நாங்களே கணினியில் சொல்லடைவு தொகுக்க வேண்டும் என்னும் ஆசையில், 2023இல் எங்கள் துறையிலிருந்து மூவர் அப்பாடத்தில் சேர்ந்தோம். தொடக்கத்தில் காரெல் என்னும் எந்திர உருவைத் திரையில் நடத்திப் பழக வேண்டும். ரிச்சர்ட் பாட்டிஸ் என்பவர் 1981இல் வெளிவந்த தம் நூலில் அறிமுகப்படுத்திய உரு அது. ‘ரோபோ’ என்ற சொல்லை 1920இல் தம் நாடகத்தின்வழி உலகுக்குத் தந்த செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் பெயரை அதற்கு இட்டிருக்கிறார். இந்தக் காரெலுக்கு முன்னே நடக்கத் தெரியும். இடப்பக்கம் திரும்பத் தெரியும். பொருளை எடுக்கவும் வைக்கவும் தெரியும். வலப்பக்கம் திரும்ப மட்டும் தெரியாது.

எங்கள் பிரிவுக்கு ஆசிரியராக வாய்த்தவர் மென்பொருள் துறையில் பணிபுரியும் ஓர் இளம்பெண். எங்கள் மாணவியரின் வயதுதான் இருக்கும். காரெலை வலப்பக்கம் திருப்ப வழி என்ன என்று எங்களுள் மூத்தவர் கேட்டார். அப்பெண் விடையைச் சொல்லவில்லை. எழுந்து நின்று இடப்பக்கமாக மட்டும் திரும்பிப் பாருங்கள் என்றார். இருபதாண்டுகள் யாப்பிலக்கணம் நடத்திய அப்பேராசிரியர் எழுந்து நின்று, ஒன்று, இரண்டு என்று எண்ணித் திரும்பினார். மூன்றாம் திருப்பத்தில் சிரித்துவிட்டார். விடை அவருடையதாயிற்று. வயதும் பட்டமும் அங்கே குறுக்கே வரவில்லை. கேட்பதற்கென்றே குறிக்கப்பட்ட நேரம் அது. கேளாமல் இருப்பதுதான் அங்கே கூச்சத்துக்கு உரியது.

எங்கள் வகுப்பு மாணவர் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். ஐயம் ஒன்றைச் சுமந்துகொண்டு ஆசிரியர் அறைவரை வருவார்கள். உள்ளே நான்கு பேர் அமர்ந்திருப்பதைக் கண்டதும் திரும்பிவிடுவார்கள். கேட்பது அறியாமையை வெளிக்காட்டுவது என்னும் எண்ணம் அவர்களுக்குப் பள்ளிப் பருவத்திலேயே ஊறிவிடுகிறது. அவ்வாறு திரும்பிப் போனவர் முதலில் யாப்பைக் கைவிடுகிறார், பிறகு பருவத் தேர்வை, சிலர் கல்லூரியையே. எப்போது வேண்டுமானாலும் வந்து கேளுங்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது அன்பினால்தான். ஆனால் அஞ்சுபவருக்கு அந்த ‘எப்போது வேண்டுமானாலும்’ வாய்ப்பதே இல்லை. கிழமையும் மணியும் இடமும் குறித்துவிட்டால், கேட்பது சலுகையாக இராமல் பாடத்தின் ஒரு பகுதியாகிவிடும். ஈராண்டு மூத்த மாணவர் ஒருவர் அங்கே அமர்ந்திருந்தால் அச்சம் பாதி குறையும்.

இதற்குப் புதிய கட்டடமோ நிதியோ வேண்டியதில்லை. எங்கள் துறையில் இப்போது புதன்கிழமைதோறும் மாலை மூன்றரை மணிக்கு, நூலகத்தின் மூலை மேசையில், மூன்றாமாண்டு மாணவர் இருவர் அமர்கின்றனர். அசை பிரிக்கத் தடுமாறும் முதலாமாண்டினர் குறிப்பேட்டோடு வருகின்றனர். விடையைச் சொல்லிவிடக் கூடாது. பென்சிலை வந்தவர் கையிலேயே விட்டுவைக்க வேண்டும் என்பவை மட்டுமே விதிகள். சென்ற பருவம் முழுவதும் அந்த மேசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி, வெண்டளை தனக்கே இப்போதுதான் ஐயா விளங்கியது என்றாள். பவணந்தியார் குறித்த அரைக்கூறு அவளுக்குக் கிடைத்துவிட்டது.