சதுர அடிக்கு எவ்வளவு?

"சதுர அடிக்கு எவ்வளவுங்க?" கோவையில் பிரஷர் வாஷ் வேலை எடுக்கும் யாருக்கும் போனில் வரும் முதல் கேள்வி இதுதான். மில் மேனேஜர் கேட்பார், கல்யாண மண்டபத்துக்காரர் கேட்பார், அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர் கேட்பார். அவர்களைச் சொல்லி என்ன? டைல்ஸ், பெயின்ட், பேவர் பிளாக் எல்லாமே சதுர அடியில்தான் விலை பேசப்படுகிறது. ஆனால் கழுவும் வேலையில் நாங்கள் விற்பது நேரம். ஆட்களின் நேரம், மெஷின் ஓடும் நேரம். அதனால் போனில் நான் ரேட் சொல்வதில்லை. "ஒரு தடவை வந்து பார்த்துடறனுங்க" என்பேன். அப்படிச் சொன்னதாலேயே வேறு ஆளிடம் போன வேலைகள் உண்டு. போகட்டும்.

இடத்துக்குப் போனதும் தரைக்கு முன்னால் குழாயைப் பார்ப்பேன். எங்கள் மெஷின் 150 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 15 லிட்டர் தண்ணீர் கேட்கும். 20 லிட்டர் பக்கெட்டைக் குழாயடியில் வைத்து நேரம் பார்த்தால் ஒரு நிமிடம் 20 விநாடிக்குள் நிரம்ப வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் பம்பு காற்றை இழுத்துக் கெட்டுப்போகும். இடையில் ஒரு தொட்டி வைக்க வேண்டும், அது குட்டி யானையில் ஏற வேண்டும், அதற்கு இடமும் ஆளும் வேண்டும். அப்புறம் தண்ணீரின் ருசி. இங்கே பெரும்பாலும் போர்த் தண்ணீர்தான், உப்புத் தண்ணீர். தரைக்கு அது போதும். கண்ணாடியிலும் கறுப்பு கிரானைட்டிலும் அதை அடித்துவிட்டால், காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் வேண்டும், அது விலையில் ஏறும். சிறுவாணித் தண்ணீரைத் தரை கழுவ எடுக்க எனக்கு மனம் வராது. எவ்வளவு வசதியாகக் குழாய் இருந்தாலும் அதை எடுப்பதில்லை.

பிறகு கரண்ட். த்ரீ பேஸ் எங்கே இருக்கிறது, அங்கிருந்து கடைசி மூலை எத்தனை மீட்டர், 30 மில்லி ஆம்ப் இஎல்சிபி இருக்கிறதா? ஈரத் தரையில் மின்சார மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. இல்லாத இடத்துக்கு நாங்களே கொண்டுபோகிறோம். அதற்கப்புறம் தண்ணீர் எங்கே வடியும் என்ற கேள்வி. ரோட்டோரத் தளத்தில் வாட்டம் சரியாக இருந்தால் பாதி வேலையைத் தண்ணீரே செய்துவிடும். பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் அடிக்கிற நேரத்தில் பாதி நேரம் சேற்றைத் தள்ளவே போய்விடும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் சாம்பிள். கட்டிட மேஸ்திரிகள் 100 சதுர அடியை ஒரு சதுரம் என்பார்கள். தளத்திலேயே மோசமான ஒரு மூலையில் பத்துக்குப் பத்து சாக்பீஸால் கோடு போட்டு, அந்த ஒரு சதுரத்தை மட்டும் கழுவுவோம். வட்டத் தட்டு மாட்டி அடித்தால் மழைக்காலத்துப் பாசி சட்டென்று விட்டுவிடும். ஆறு நிமிடத்தில் சதுரம் முடிந்துவிடும். வண்டி ஒர்க்ஷாப் தரையில் அதே சதுரத்துக்குக் கன் மட்டுமே இருபது நிமிடம் ஓட வேண்டும், அதற்கு முந்தைய வேலை தனி. முதலில் கரண்டியால் கிரீஸைச் சுரண்ட வேண்டும், பிறகு கெமிக்கல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விட வேண்டும், பிரஷ் போட வேண்டும், அப்புறம்தான் கன்னைக் கையில் எடுக்க முடியும். மஞ்சள் நாசிலை அரை அடி உயரத்தில் பிடித்தால் எண்ணெய் பழுப்பு நுரையாகக் கிளம்பும். கொஞ்சம் அவசரப்பட்டு இன்னும் கிட்டத்தில் பிடித்தால் சிமெண்டே பெயர்ந்து ஜல்லி தெரியும். பேவர் பிளாக் என்றால் இடுக்கில் இருக்கும் மணல் எல்லாம் வெளியே வந்துவிடும். திரும்ப மணல் நிரப்பும் கூலியைக் கணக்கில் சேர்க்காதவர் ஆறு மாதத்தில் கல் ஆடும்போது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சாம்பிள் பார்க்க வாடிக்கையாளரும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். கழுவிய சதுரத்தையும் கடிகாரத்தையும் அவர் கண்ணால் பார்த்த பிறகு ரேட் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

கணக்கை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். 6,000 சதுர அடி பார்க்கிங், பாசி மட்டும். 60 சதுரம், ஆறு ஆறு நிமிடம், கன் ஓடுவது ஆறு மணி நேரம், தண்ணீர் 5,400 லிட்டர். ஹோஸ் இழுப்பது, தள்ளுவது, அலசுவது சேர்த்து மூன்று பேருக்கு ஒரு முழு நாள். தலைக்கு 1,000 என்றால் கூலி 3,000. நிறுவனத்தின் பங்காகப் பிஎஃப் 12 சதவீதம், ஈஎஸ்ஐ 3.25 சதவீதம், கிட்டத்தட்ட 450. சாப்பாட்டு பேட்டா 450. வண்டி 1,500, கெமிக்கல் 800. மெஷின் தேய்மானம் மணிக்கு 150 வீதம் 900: பம்பு ஆயில், சீல், தரையில் உரசியே தேயும் ஹோஸ். இன்ஷூரன்ஸ், போன், வேலை கிடைக்காத இடங்களுக்குப் போய்வந்த பெட்ரோல், சும்மா நிற்கும் நாட்கள், இவற்றுக்கு 1,800. ஆக 8,900.

இதன் மேல் லாபம் போடும் இடத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். 100 ரூபாய் செலவுக்கு 25 சேர்த்து 125 போட்டால் கால் பங்கு லாபம் என்று நினைக்கிறார்கள். 125-இல் 25 என்பது 20 சதவீதம்தான். விலையில் கால் பங்கு மிஞ்ச வேண்டுமானால் 100-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும், 133 வரும். அந்தக் கணக்கில் 8,900 ஏறக்குறைய 11,900 ஆகிறது. சதுர அடிக்கு 2 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி தனி. வாடிக்கையாளர் கேட்ட சதுர அடி ரேட்டை இப்போது தாராளமாகச் சொல்லலாம். அதே 6,000 அடி ஒர்க்ஷாப் தரையாக இருந்தால் கன் 20 மணி நேரம் ஓட வேண்டும், 18,000 லிட்டர் தண்ணீர் வேண்டும்; 2 ரூபாய்க்கு அதை எடுத்தவர் கைக்காசைப் போட்டுத்தான் முடிக்க வேண்டும்.

ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் காலியாக இருக்கும். சமையல்கட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க அப்போதுதான் கூப்பிடுவார்கள். எங்களுக்கும் வேலை மட்டாக இருக்கும் காலம், அதனால் குறைத்துத் தருகிறேன். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் பவுண்டரி, லேத் பட்டறை எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். ராத்திரி வேலைக்கு ஆட்களுக்கு இரட்டைக் கூலி தருகிறேன், அந்த அளவுக்கு ரேட்டும் ஏறும். குறைப்பது எப்போதும் என் லாபத்திலிருந்துதான். மேலே சொன்ன பார்க்கிங் என்றால் 8,900-க்குக் கீழே போக மாட்டேன். ஏனென்றால் அதற்குக் கீழே குறைப்பதற்கு மிச்சமிருப்பது பையன்களின் கூலி, அவர்களின் பூட்ஸ், முகக்கவசம், ஈஎஸ்ஐ. 150 பார் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய மாதிரிதான் தெரியும், உள்ளே விரலையே எடுக்க வேண்டிய நிலைமை வரலாம். அந்த வேலையை ரப்பர் செருப்போடு செய்யவைத்து ரேட்டைக் குறைக்கிறவரோடு நான் போட்டி போட விரும்பவில்லை. வாடிக்கையாளர்களுக்குப் பட்ஜெட் இடிக்கிறது என்றால் வேலையைக் குறைப்போம்: மாடிப்படியை விடலாம், தண்ணீர் தள்ள அவர்களுடைய ஹவுஸ்கீப்பிங் ஆட்களைத் தரலாம்.

எண்ணெய்த் தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் விடச் சொல்வார்கள். அது போய்ச் சேருவது நொய்யலில். சாயக் கழிவால் அந்த ஆறு என்ன பாடு பட்டது, 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது என்பதெல்லாம் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எண்ணெயைப் பிரித்து, சகதியைத் தனியே டிரம்மில் எடுத்துக்கொடுக்கும் செலவு என் கொட்டேஷனில் ஒரு தனி வரி. "இதையும் அப்படியே பார்த்துடுங்க" என்று கடைசியில் கழிவுநீர்த் தொட்டியைக் காட்டுவார்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை அதில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். என்னைப் பொறுத்தவரை அதற்கு ரேட்டே கிடையாது.

பணம் எப்போது வரும் என்பதும் விலையில் சேர்ந்ததுதான். உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் தர வேண்டும், இல்லாவிட்டால் 15 நாள். 2024 ஏப்ரலிலிருந்து, கெடு தாண்டிய பாக்கியைக் கொடுத்து முடிக்கும்வரை வேலை கொடுத்தவர் அதைச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது. கொட்டேஷனிலும் பில்லிலும் உத்யம் எண்ணைப் போட ஆரம்பித்த பிறகு அக்கவுண்ட்ஸ் ஆட்கள் தாங்களே போன் செய்கிறார்கள்.

மூன்று கொட்டேஷன் வாங்கி ஒப்பிடுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடைசி எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், எவ்வளவு தண்ணீர், அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது, ஆட்களுக்கு ஈஎஸ்ஐ உண்டா என்று மூவரிடமும் எழுதி வாங்குங்கள். சாம்பிள் ஒரு சதுரம் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் குறைந்த ரேட்டுக்காரர் சரியாக இருந்தால் அவருக்கே வேலையைக் கொடுங்கள்.